சிகாகோவில் நான்கு நாட்கள்: பழைய கட்டடங்களையும் விலங்குகளையும் ஒரே பயணத்தில் பார்க்க இயலுமா?

கேள்வி – நெய்தல்வாசி

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் மாதத்தின் நடுவில் நான்கு நாட்கள் சிகாகோவில் தங்கவிருக்கிறோம். நான், என் தந்தையார், எட்டு வயது மகள் என மூவர். தந்தையார் கட்டடப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வானளாவிய கட்டடங்கள் பிறந்த ஊரை ஒருமுறையேனும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மகளுக்கோ விலங்குகளைத் தவிர வேறு எதிலும் மனம் செல்வதில்லை. சிங்கத்தையும் கொரில்லாவையும் பார்க்கப்போவதாக இப்போதே நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு நாட்கள் கட்டடங்களுக்கு, இரண்டு நாட்கள் உயிரியல் பூங்காக்களுக்கு என்று முதலில் பிரித்து வைத்தேன். அப்படிப் பிரித்தால் எந்த நாளிலும் ஒருவர் மற்றவருக்காகப் பொறுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும் என்று பின்னர் தோன்றியது. தந்தையார் கைத்தடியுடன் நடப்பவர். அரை மணி நேரம் நடந்தால் அமர்வதற்கு ஓர் இடம் வேண்டும். எங்களிடம் கார் இருக்காது.

வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல், உள்ளே சென்று பார்க்கக்கூடிய பழைய கட்டடங்கள் எவை? லிங்கன் பார்க், புரூக்ஃபீல்டு ஆகிய இரு உயிரியல் பூங்காக்களில் எதற்குச் செல்வது? இன்னொரு தயக்கமும் உண்டு. லிங்கன் பார்க் பூங்கா மிகப் பழமையானது என்று படித்தேன். பழமையான விலங்குக் காட்சிசாலை என்றதும் குறுகிய கூண்டுக்குள் ஓயாமல் அங்குமிங்கும் நடக்கும் புலிதான் என் நினைவுக்கு வருகிறது. அத்தகைய காட்சியை மகளுக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி – செங்கல்நேசன்

தங்கள் தந்தையார் பொறியாளர் என்பதால், நகர மையத்தில் உள்ள மோனட்நாக் கட்டடத்திலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அலங்காரம் ஏதுமின்றிக் கரும்பழுப்புச் செங்கல்லாக நிற்பதால் பெரும்பாலான பயணிகள் அதைத் திரும்பியும் பாராமல் கடந்துவிடுகிறார்கள். ஜாக்சன் தெருவைப் பார்த்திருக்கும் அதன் வடபாதியைப் பர்னம் – ரூட் என்னும் கட்டடக்கலைக் கூட்டாளிகள் வடிவமைத்தனர். அது 1891இல் நிறைவடைந்தது. பதினாறு மாடி உயரத்துக்கு எழும் அதன் வெளிச்சுவர்கள் எந்த எஃகுச் சட்டகத்தின் மீதும் சாய்ந்திராமல் தம் எடையைத் தாமே தரையில் இறக்குகின்றன. அதனால் அடியில் சுவரின் தடிமன் ஆறு அடி. தென்பாதியை இரண்டே ஆண்டுகள் கழித்து, 1893இல், ஹோலபர்டு – ரோச் கூட்டாளிகள் எஃகுச் சட்டகத்தைக் கொண்டு எழுப்பினர். டியர்பார்ன் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றால் இரு பாதிகளையும் ஒரே பார்வையில் காணலாம். சுமை தாங்கும் சுவர் தன்னால் இயன்ற எல்லையைத் தொட்ட இடமும், இனி அது தேவையில்லை என்று ஆன இடமும் அருகருகே நிற்கின்றன. ஒரு பொறியாளர் அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

சிகாகோவின் மண் மென்மையான களிமண். இத்தனை எடையைத் தாங்காமல் கட்டடம் கொஞ்சம் அமிழும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் கட்டினார்கள். ஆனால் அது கணக்கையும் மீறி அமிழ்ந்தது. வடபாதியை வடிவமைத்த ஜான் ரூட், அது முழுமையடைவதைப் பார்க்காமலேயே 1891 ஜனவரியில் காலமானார். உள்ளே வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும் நடைக்கூடம் வேலை நாட்களில் திறந்திருக்கும். படிக்கட்டு வேலைப்பாட்டில் அலுமினியத்தைப் பயன்படுத்தியிருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அக்காலத்தில் அது அரிய உலோகம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் லாசால் தெருவில் உள்ள ரூக்கரி கட்டடம் வரும். அதுவும் பர்னமும் ரூட்டும் கட்டியதுதான், ஆண்டு 1888. 1871இல் நேர்ந்த பெருந்தீயில் நகரின் நடுப்பகுதி அழிந்தபின், தற்காலிக நகர மன்றம் இந்த மனையில் இயங்கியது. அங்கே பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து அடைந்ததால் மக்கள் அதைக் காக்கைக் கூடு என்னும் பொருளில் ரூக்கரி என்று அழைத்தார்கள். புதிய கட்டடத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நுழைவாயிலின் கல்லில் ரூட் காக்கைகளைச் செதுக்கி வைத்திருக்கிறார். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை மகளிடம் ஒப்படையுங்கள். உள்ளே கண்ணாடிக் கூரையின் கீழ் விரியும் முற்றத்தை 1905இல் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிடு ரைட் வெள்ளைப் பளிங்கும் பொன்வேலையுமாகப் புதுப்பித்தார். தரைத்தளத்துக்குப் படியேறாமல் செல்லலாம். தந்தையாருக்கு மற்றொரு செய்தி: இதன் அடித்தளம், குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய தண்டவாளங்களைக் கற்காரையில் பதித்து அமைத்தது. களிமண்ணின் மீது தெப்பம் போல மிதக்கிறது என்றே சொல்லலாம்.

முதல் வானளாவி என்று பலரும் குறிப்பிடும் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் (1885) எங்கே என்று அவர் நிச்சயம் கேட்பார். அது ரூக்கரி நிற்கும் அதே தெருச்சந்திப்பில் இருந்தது, 1931இல் இடித்துவிட்டார்கள்.

அமர்ந்து இளைப்பாறுவதற்கு மிச்சிகன் அவென்யூவில் உள்ள சிகாகோ கல்ச்சுரல் சென்டருக்குச் செல்லுங்கள். 1897இல் பொது நூலகமாகக் கட்டியது. நுழைவுக் கட்டணம் இல்லை. நாற்காலிகளும் கழிப்பறைகளும் உண்டு. மேலே 38 அடி விட்டமுள்ள, டிஃபனி நிறுவனத்தின் வண்ணக் கண்ணாடிக் கவிகை மாடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: மோனட்நாக்கும் ரூக்கரியும் இன்றும் அலுவலகங்களாக இயங்குபவை. வார இறுதியில் சென்றால் கதவு அடைத்திருக்கும்.

மறுமொழி – ஏரிக்கரை

லிங்கன் பார்க் பூங்காவுக்கு அருகில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் அங்கேயே வளர்ந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. தாங்கள் சொன்ன தயக்கம் எனக்கும் இருந்தது என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 1868இல் அன்பளிப்பாக அனுப்பிய இரண்டு இணை அன்னங்களுடன் தொடங்கிய பூங்கா இது. அங்கே 1912இல் கட்டிய சிங்க இல்லம் இருக்கிறது. பெர்கின்ஸ், ஃபெல்லோஸ், ஹாமில்டன் நிறுவனத்தின் வடிவமைப்பு. செங்கல் சுவர்களுக்கு மேலே, தூணே இல்லாத நீண்ட மண்டபத்தை குவாஸ்டவினோ முறையில் அமைந்த வளைவுக் கூரை மூடியிருக்கிறது. மெல்லிய சுட்ட ஓடுகளை அடுக்கடுக்காகச் சாந்தில் ஒட்டி, அந்த மெல்லிய ஓட்டு அடுக்கையே கூரையாகத் தாங்க வைக்கும் கலை அது. நியூயார்க்கின் பழைய சுரங்கரயில் நிலையத்திலும் எல்லிஸ் தீவிலும் காணப்படும் அதே முறை. தங்கள் தந்தையார் சிங்கத்தைப் பார்ப்பதற்குமுன் கூரையைத்தான் பார்ப்பார் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அந்த அழகு மனிதர்களுக்காக அமைந்தது. மண்டபம் எவ்வளவு கம்பீரமாக இருந்ததோ, அதன் இரு பக்கங்களிலும் விலங்குகளுக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவு சிறியதாக இருந்தது. என் மூத்த மகன் குழந்தையாக இருந்தபோது, கூடத்தில் எதிரொலிக்கும் கர்ச்சனையைக் கேட்டு அவன் கைதட்டி மகிழ்வான். எனக்கு உள்ளுக்குள் வருத்தமாகவே இருக்கும். கட்டடம் பாதுகாக்கப்பட்ட நகரச் சின்னம் என்பதால் அதை இடிக்கவும் முடியாது. அதை அப்படியே விட்டுவைப்பதும் விலங்குகளுக்கு நியாயமில்லை.

அந்தச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வுதான் இன்று போய்ப் பார்க்க வேண்டியது. சில காலம் மூடி வைத்துப் புதுப்பித்து 2021இல் மீண்டும் திறந்தார்கள். பல வகைப் பெரும்பூனைகளைத் தனித்தனிச் சிறு அடைப்புகளில் வைப்பதைக் கைவிட்டு, வடபுறத்தைச் சிங்கக் கூட்டத்துக்கு ஒரே வெளியாகத் திறந்துவிட்டார்கள். சிங்கங்களின் இடம் ஏறத்தாழ இருமடங்கானது. ஏறிப் படுக்கப் பாறைகள் இருக்கின்றன. வெயிலில் குளிர்ச்சியும் பனிக்காலத்தில் வெப்பமும் தரும் பரப்புகளை அவற்றில் அமைத்திருக்கிறார்கள். கூரையும் மண்டபமும் மாறவில்லை. நூறாண்டுப் பழமையைக் காப்பதற்காக உயிருள்ளவற்றைத் துன்பப்படுத்த வேண்டியதில்லை என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் வேறோர் இடத்தை நான் பார்த்ததில்லை. மகளிடம் பழைய நிலையையும் சொல்லிவிட்டே காட்டுங்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு அது நன்றாகப் புரியும்.

கொரில்லாக்களுக்கு 2004இல் திறந்த தனி வளாகம் இருக்கிறது. பூங்காவின் தென்புறக் குளக்கரையில் உள்ள கஃபே பிராவர் கட்டடத்தை (1908) வடிவமைத்தவர் டுவைட் பெர்கின்ஸ். சிங்க இல்லத்தைக் கட்டிய நிறுவனத்தின் பெர்கின்ஸ் அவரே. அக்கரையில் 2010இல் கட்டடக்கலைஞர் ஜீன் கேங்கின் நிறுவனம் அமைத்த தேன்கூடு போன்ற மர வளைவு இருக்கிறது. அதனடியில் அமர்ந்தால் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் குளத்துக்கு அப்பால் வரிசையாகத் தெரியும். தந்தையாரை அங்கே அமர வைத்துவிட்டு நீங்கள் இருவரும் சுற்றி வரலாம்.

ஆண்டின் எல்லா நாட்களிலும் நுழைவு இலவசம் என்பது வெறும் பணச் சேமிப்பு அன்று. சோர்வு வந்தால் ஒரு மணி நேரத்தில் வெளியேறி, மறுநாள் மீண்டும் வரலாம். மிச்சிகன் அவென்யூவில் 151ஆம் எண் பேருந்தில் ஏறினால் பூங்காவின் அருகிலேயே இறங்கலாம்.

மறுமொழி – பயணப்பை

முந்தைய மறுமொழியை மதிக்கிறேன். சிங்க இல்லத்தைப் பற்றி அவர் எழுதியது உண்மை. எனினும் விலங்குகளே உலகம் என்றிருக்கும் குழந்தைக்கு லிங்கன் பார்க் மட்டும் போதாது. அதன் பரப்பு 35 ஏக்கர். புரூக்ஃபீல்டு 216 ஏக்கர். 1934இல் திறந்தபோதே கம்பிக் கூண்டுகளைத் தவிர்த்து, அகழிகளாலும் செயற்கைப் பாறைகளாலும் விலங்குகளையும் பார்வையாளர்களையும் பிரித்த பூங்கா அது. ஜெர்மனியில் விலங்கு வணிகர் ஹாகன்பெக் 1907இல் தொடங்கிவைத்த அந்த முறையை ஒரு பூங்கா முழுவதற்கும் திட்டமிட்டுக் கொண்டுவந்தார்கள். ஆகவே அதையும் கட்டடக்கலை வரலாற்றின் ஒரு பகுதியாகவே தங்கள் தந்தையாருக்கு அறிமுகப்படுத்தலாம். எட்வின் கிளார்க் வடிவமைத்த பழைய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன.

அங்கும் குறை இல்லாமல் இல்லை. 1980களில் கட்டிய டிராப்பிக் வேர்ல்டு என்னும் பெரிய உள்ளரங்கு, மழை நாளில் பார்வையாளருக்கு மிக வசதியானது. ஆனால் அதனுள் வாழ்ந்த கொரில்லாக்கள் வெயிலையும் புல்லையும் அறியாமலேயே பல ஆண்டுகளைக் கழித்தன. வெளி முற்றங்களை அவற்றுக்கு அண்மையில்தான் அமைத்திருக்கிறார்கள். 1996இல் அங்கே தவறி விழுந்த மூன்று வயதுச் சிறுவனை பிண்டி ஜுவா என்ற பெண் கொரில்லா, தன் குட்டி முதுகில் இருக்க, ஏந்திக்கொண்டு வந்து காப்பாளர்கள் நுழையும் கதவருகே கிடத்தியது. அந்தக் கதையை மகளுக்கு முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கள்.

கார் இல்லையே என்று தயங்க வேண்டாம். யூனியன் நிலையத்திலிருந்து மெட்ரா என்னும் புறநகர் ரயிலின் பி.என்.எஸ்.எஃப். வழித்தடத்தில் சென்று, உயிரியல் பூங்கா நிறுத்தம் என்றே அறியப்படும் ஹாலிவுட் நிலையத்தில் இறங்கிச் சற்று நடக்க வேண்டும். யூனியன் நிலையத்தின் பெருமண்டபம் 1925இல் கட்டியது. அதன் வளைந்த கண்ணாடிக் கூரையை இரண்டாம் உலகப்போரின்போது வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்கக் கருப்பு வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள். நீண்ட மர இருக்கைகள் இருக்கின்றன. அரை மணி நேரம் முன்னதாகச் சென்றால், விலங்குகளைப் பார்க்கப் போகும் வழியிலேயே தந்தையாருக்கு உரியதும் கிடைத்துவிடும். எல்லா ரயில்களும் அந்தச் சிறிய நிலையத்தில் நிற்பதில்லை. திரும்பும் ரயிலின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மகள் யானையை எதிர்பார்த்தால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. சிகாகோவின் இரண்டு பூங்காக்களிலும் யானைகள் இல்லை.

மறுமொழி – வாடாமல்லி

தாங்கள் செல்லும் நாட்களைக் கவனித்தீர்களா? ஆண்டுதோறும் அக்டோபர் நடுவில் ஒரு வார இறுதியில் 'ஓப்பன் ஹவுஸ் சிகாகோ' நடைபெறும். வழக்கமாகப் பொதுமக்கள் நுழைய இயலாத கட்டடங்களைக்கூட அந்த நாட்களில் இலவசமாகத் திறந்து காட்டுவார்கள். அதை நடத்தும் சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டரே ஆற்றில் 90 நிமிடப் படகுப் பயணமும் நடத்துகிறது. நடக்கவே தேவையின்றி அமர்ந்தபடி கட்டடங்களைப் பார்க்க அதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயிலின் இருபுறமும் சிற்பி எட்வர்டு கெமீஸ் வடித்த வெண்கலச் சிங்கங்கள் 1894 முதல் நிற்கின்றன. 1893 செப்டம்பரில் சுவாமி விவேகானந்தர் உரையாற்றியது இந்தக் கட்டடத்தில்தான் என்பதைத் தந்தையார் அறிந்திருப்பார். உள்ளே, ஆட்லரும் சல்லிவனும் 1894இல் கட்டிய பங்குச் சந்தைக் கட்டடத்தின் வணிகக் கூடத்தை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தை 1972இல் இடித்தபோது, அதன் வேலைப்பாடுகளைக் காப்பாற்றப் போராடிய ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்டு நிக்கல் இடிபாடுகளுக்குள் சிக்கி உயிரிழந்தார். அவரைப் போன்றவர்களின் போராட்டத்தால்தான் இந்நகரின் மற்ற பழைய கட்டடங்களைப் பற்றி மக்கள் கவலைப்படத் தொடங்கினார்கள். இதை அறிந்துவிட்டு அந்தக் கூடத்தில் நிற்பது வேறு அனுபவம்.

லிங்கன் பார்க் பூங்காவுக்கு வடக்கே ஆல்ஃபிரட் கால்டுவெல் அல்லிக்குளம் இருக்கிறது. 1930களில் அதை அமைத்த கால்டுவெல், செடிகள் வாங்கப் பணம் போதாமல் தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையே பணமாக்கினார். பின்னர் அந்த இடம் உயிரியல் பூங்காவின் கைக்கு வந்து, பறவைகளை விட்டு வளர்த்ததில் தோட்டம் சீரழிந்தது. அந்தக் காலத்தில் அதற்கும் ரூக்கரி என்றே பெயர். 2002இல் மீட்டமைத்த பிறகு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், அக்டோபரில் திறந்திருக்கும்.

கேட்டவரின் மறுமொழி – நெய்தல்வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நாட்களைப் பிரிப்பதைக் கைவிட்டேன். வியாழன் காலை மோனட்நாக்கும் ரூக்கரியும், பிற்பகல் ஆற்றுப் படகு. வெள்ளி புரூக்ஃபீல்டு. சனி லிங்கன் பார்க்கும் அல்லிக்குளமும். ஞாயிறு ஆர்ட் இன்ஸ்டிடியூட்டும் திறந்த கட்டடங்களும். ஹைடு பார்க்கில் உள்ள ரைட்டின் ரோபி இல்லத்தையும் பார்க்க வேண்டும் என்று தந்தையார் சொல்கிறார். சேர்க்கலாமா?

மறுமொழி – செங்கல்நேசன்

சேர்க்க வேண்டாம் என்பேன். 1910இல் முடிந்த அந்த வீடு 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதன் அருமையில் ஐயமில்லை. ஆனால் வழிகாட்டியுடன் நின்றபடியே பார்க்க வேண்டும். உள்ளே படிகள் உண்டு. நகர மையத்திலிருந்து தொலைவும் அதிகம். கைத்தடியுடன் வருபவருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கும் அது ஒரே நேரத்தில் சுமையாகிவிடும். ரைட்டின் கைவண்ணத்தை ரூக்கரி முற்றத்திலேயே நிதானமாகப் பார்க்கட்டும்.

கேட்டவரின் மறுமொழி – நெய்தல்வாசி

நல்லபடியாகச் சென்று திரும்பினோம். இதே கேள்வியுடன் வருபவர்களுக்காகச் சிலவற்றைப் பதிவு செய்கிறேன்.

மோனட்நாக்கில் தந்தையார் ஒரு சன்னலின் ஆழத்தைத் தம் முழங்கையால் அளந்து பார்த்தார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இந்தச் சுவரை நம்பிக் கையெழுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்" என்று மட்டும் சொன்னார். ரூக்கரியில் காக்கைகளை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அன்று முழுவதும் ஒவ்வொரு கட்டடத்திலும் விலங்கு உருவங்களைத் தேடிக்கொண்டே வந்ததால் அவளுக்குச் சலிப்பே ஏற்படவில்லை.

புரூக்ஃபீல்டு எங்களுக்குப் பெரிதாக இருந்தது. ரயிலிலிருந்து இறங்கி நடந்ததிலேயே தந்தையார் களைத்துவிட்டார். உள்ளே சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்த பின்னரே நாள் இனிதாயிற்று. முதியவர்களுடன் செல்பவர்கள் அதை நுழைவாயிலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சிங்க இல்லத்தில் ஏரிக்கரை அவர்கள் எழுதியது அப்படியே நடந்தது. தந்தையார் தலையை உயர்த்தி ஓடுகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் கண்ணாடியின் மறுபுறம் பாறை மேல் உறங்கிய சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரையும் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கேயே இருந்துவிட்டோம். அதனால் அல்லிக்குளத்துக்குச் செல்லும்போது வாயிலை அடைக்கும் நேரமாகிவிட்டது. அடுத்து வருபவர்கள் காலையில் முதலில் குளத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சிங்கங்களிடம் செல்லுங்கள்.